ஓஇசிடி தரும் ஓசி ஜோசியம்: மந்தநிலைக் கணிப்புகளில் எது தேறும், எது தேறாது

அமெரிக்காவில் மந்தநிலை வருமா, ஜெர்மனி எப்போது எழுந்திருக்கும், பிரிட்டன் தப்புமா என்று மாதாமாதம் எண் போட்டுச் சொல்லும் சேவைகள் இப்போது ஏகப்பட்டவை இருக்கின்றன. பாதி இலவசம், மீதிக்கு வருடச் சந்தா. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருப்பதால் இவற்றைப் பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஹாம்பர்க்கிலும் லண்டனிலும் நியூஜெர்சியிலும் இருப்பவர்கள் அடுத்த கோடையில் டீ-சர்ட் வாங்குவார்களா என்பதை வைத்துத்தான் எங்களுக்கு ஆர்டர். நூல் பிடிப்பது, பேக்கிங் கிரெடிட் (சரக்கு அனுப்பும் முன் வாங்கும் வங்கிக் கடன்) கேட்பது, டாலருக்கு ஃபார்வர்டு போடுவது (வரப்போகும் டாலருக்கு இப்போதே விலை பேசி வைப்பது) எல்லாம் அதற்குப் பல மாதம் முன்பே முடிவாக வேண்டும். அதனால் இதைப் பொருளாதாரம் படித்தவரின் ஆராய்ச்சியாகப் பார்க்க வேண்டாம், அன்றாடம் பயன்படுத்துகிறவனின் விமர்சனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் கடந்த காலத்தை வைத்துச் செய்தவை, அந்த எல்லையைத் தாண்டினால் தடுமாறுகின்றன. பல நாடுகளை ஒரே இடத்தில் பார்க்க உருப்படியாக இருப்பது பாரிஸில் உள்ள ஓஇசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பு) மாதந்தோறும் வெளியிடும் கூட்டு முன்னறி குறியீடுதான். அதையும் மந்தநிலை எந்தத் தேதியில் என்று கேட்காமல், எத்தனை நாடுகள் ஒரே பக்கம் சாய்கின்றன என்று கேட்டால் மட்டும்.

அது என்ன செய்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக, அந்த நாட்டின் பொருளாதாரம் திரும்புவதற்கு முன்னால் எது எது திரும்பியிருக்கிறது என்று பழைய தரவை வைத்துத் தேடி எடுக்கிறார்கள். அமெரிக்காவுக்கு என்றால் புதிதாகக் கட்ட ஆரம்பித்த வீடுகள், நீண்டநாள் உழைக்கும் பொருள்களுக்கான புது ஆர்டர், பங்குச்சந்தை, நுகர்வோர் மனநிலை, தொழிற்சாலைகளில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, வட்டி விகித இடைவெளி இப்படி. ஜெர்மனிக்கு இஃபோ நிறுவனத்தின் தொழில் மனநிலை சர்வே, ஏற்றுமதி ஆர்டர் புத்தகம், முடிந்த சரக்கின் இருப்பு. ஜப்பானுக்கு ஓவர்டைம் நேரம், கிடங்கில் கிடக்கும் சரக்குக்கும் அனுப்பிய சரக்குக்கும் உள்ள விகிதம். இந்தத் தேர்வுதான் எனக்குப் பிடித்த விஷயம், ஏனென்றால் ஓவர்டைம் குறைந்தால் அடுத்து என்ன வரும் என்று எங்கள் ஊரில் யாரும் மாடல் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஆள் நிறுத்துவதற்கு முன்னால் எந்த கம்பெனியும் முதலில் ஓவர்டைமைத்தான் நிறுத்தும், அது ஒசாகாவானாலும் அவினாசி ரோடானாலும்.

இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, நீண்டகாலப் போக்கைக் கழித்துவிட்டு, 100 என்ற கோட்டைச் சுற்றி ஏறி இறங்கும் ஒரே எண்ணாக ஆக்குகிறார்கள். 100க்கு மேலே ஏறினால் விரிவு, மேலே இருந்து இறங்கினால் வேகம் குறைகிறது, கீழே போய் இன்னும் இறங்கினால் தொய்வு, கீழே இருந்து ஏறினால் மீட்சி. திருப்பம் வருவதற்கு 6 முதல் 9 மாதம் முன்பே காட்டும் என்பது அவர்கள் சொல்லும் இலக்கு. எங்கள் சீசன் கணக்குக்கு அது கச்சிதமான இடைவெளி.

இனி குறை. முதல் குறை, பலருக்குத் தெரியாமலே தலைப்புச் செய்தி ஆகிவிடுவது: இந்தக் குறியீடு மந்தநிலையைக் கணிப்பதே இல்லை. போக்கை விட வேகம் குறைவதைத்தான் கணிக்கிறது. ஒரு நாடு வழக்கமாக 6% வளர்ந்து இந்த வருடம் 4.5% வளர்ந்தால் கோடு கீழே இறங்கும், ஆனால் அங்கே யாரும் மந்தநிலை என்று சொல்ல மாட்டார்கள். அமெரிக்க மத்திய வங்கியின் கிளையான செயின்ட் லூயிஸ் ஃபெட் நடத்தும் ஃப்ரெட் தரவுத்தளத்தில் ஓஇசிடியின் திருப்புமுனைத் தேதிகளை வைத்து ஒவ்வொரு நாட்டுக்கும் 'மந்தநிலைக் குறியீடு' என்ற பெயரில் 0, 1 போட்ட வரிசைகள் இருந்தன. அதில் இந்தியாவை எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மந்தநிலைகள் குறித்திருக்கும். இந்தியாவின் ஜிடிபியோ 1979-80க்குப் பிறகு 2020 வரை ஒரு முழு வருடம்கூட சுருங்கியதில்லை! பெயரைப் பார்த்து நம்பி ஒரு மாடலுக்குள் போட்டால் கதை கந்தல். அந்த வரிசைகளும் 2022க்குப் பிறகு நிறுத்தப்பட்டுவிட்டன, ஆனால் நெட்டில் சுற்றும் பல கட்டுரைகள் இன்னும் அதையே வைத்து நாடுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது குறை, கடைசிப் புள்ளி ஆடும். போக்கைக் கழிக்க அவர்கள் பயன்படுத்துவது ஹாட்ரிக்-பிரெஸ்காட் ஃபில்டர் என்ற பழைய முறை. 12 மாதத்துக்குக் குறைவான அலைகளையும் 120 மாதத்துக்கு மேற்பட்ட அலைகளையும் வடிகட்டிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கும். இந்த முறைக்கு இரண்டு பக்கமும் தரவு வேண்டும். நடுவில் இருக்கும் மாதங்களுக்கு இரண்டு பக்கமும் உண்டு, கடைசி மாதத்துக்கு முன்னால் மட்டும்தான் உண்டு, பின்னால் இன்னும் நடக்கவே இல்லை. அதனால் புது மாதம் சேரும்போதெல்லாம் போன மாதங்களின் எண்களும் கொஞ்சம் நகர்கின்றன. நமக்கு வேண்டியதோ அந்தக் கடைசி மாதம்தான். இன்றைக்கு வரைபடத்தைத் திறந்து 2008ஐப் பார்த்தால் அழகாக முன்கூட்டியே திரும்பியிருக்கும். அது இன்றைய திருத்தப்பட்ட கோடு. அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர் பார்த்த கோடு வேறு. இதைப் பிறகு மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் காசு கொடுத்து வாங்கும் சேவைகளில் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் அதே மத்திய வங்கியின் இன்னொரு கிளையான நியூயார்க் ஃபெட். மாதம் ஒரு முறை ஒரே ஒரு எண்: இன்னும் 12 மாதத்தில் அமெரிக்கா மந்தநிலையில் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு. எக்செல் கோப்பும் சேர்த்தே கொடுக்கிறார்கள். பத்து வருட அரசுப் பத்திர வட்டியிலிருந்து மூன்று மாத வட்டியைக் கழித்து, அந்த ஒற்றை வித்தியாசத்தை புரோபிட் என்ற சமன்பாட்டில் போட்டால் சதவீதம் வந்துவிடும். வித்தியாசம் குறையக் குறைய சதவீதம் ஏறும், மூன்று மாத வட்டி பத்து வருட வட்டியை மிஞ்சிவிட்டால் யீல்டு கர்வ் தலைகீழானது என்பார்கள். அவ்வளவுதான் மொத்த மாடலும். கேம்ப்பெல் ஹார்வி 1986இல் சிகாகோவில் தன் முனைவர் ஆய்வில் இந்தத் தொடர்பைக் காட்டினார், எஸ்ட்ரெயாவும் மிஷ்கினும் 1996இல் நியூயார்க் ஃபெடில் இதை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். எளிமைக்கு நூற்றுக்கு நூறு போடலாம், யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

ஆனால் 2023 மே மாதம் இது 70%ஐத் தாண்டியது. குறுகிய கால வட்டி நீண்ட கால வட்டியை விட சுமார் 1.7 சதவீதப் புள்ளி மேலே போயிருந்தது, 1980களின் தொடக்கத்துக்குப் பிறகு அப்படி ஒரு எண் வந்ததில்லை. 2007இல், உலகமே ஆடிப்போன நெருக்கடிக்கு முன்னால், இதே மாடல் தொட்ட உச்சம் 40% சொச்சம்தான். 40% சொன்னபோது உலகம் கவிழ்ந்தது, 70% சொன்னபோது அமெரிக்கா 2.5%க்கு மேல் வளர்ந்தது. ஹார்வியே 2023 தொடக்கத்தில் இந்த முறை இது பொய் எச்சரிக்கையாக இருக்கலாம் என்று சொன்னார், ஆனால் அதற்குள் 70% என்ற எண் எல்லா பிரசன்டேஷனிலும் ஏறிவிட்டது. ப்ளூம்பெர்க் எகனாமிக்ஸின் மாடல் 2022 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போய், பன்னிரண்டு மாதத்துக்குள் 100% என்றது. நூறு சதவீதம்! எதிர்காலத்தைப் பற்றி நூறு சதவீதம் சொல்லும் எந்தச் சமன்பாட்டையும் வெளியிடுவதற்கு முன்னால் அதைச் செய்தவர் ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம்.

சரி, இதே முறையை மற்ற நாடுகளுக்குப் போட்டால் என்ன ஆகும்? ஜப்பானில் 1999 முதலே குறுகிய கால வட்டி பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. அதற்குக் கீழே நீண்ட கால வட்டி போய்த் தலைகீழாவதற்கு இடமே இல்லை. போதாததற்கு 2016லிருந்து 2024 மார்ச் வரை ஜப்பான் மத்திய வங்கி பத்து வருட வட்டியையும் தானே பிடித்து வைத்திருந்தது. அதாவது சந்தையின் பயம் தெரிய வேண்டிய இடத்தில் அரசாங்கத்தின் கைதான் தெரியும். அந்தக் காலத்தில் ஜப்பான் ஜிடிபி எத்தனையோ முறை சுருங்கியது, யீல்டு கர்வ் வாய் திறக்கவில்லை. ஜெர்மனியில் மாறாக நன்றாக வேலை செய்தது என்று சொல்லலாம்: 2022 கடைசியில் தலைகீழானது, 2023இலும் 2024இலும் அடுத்தடுத்து இரண்டு வருடம் ஜிடிபி சுருங்கியது. அங்கே உண்மையான காரணம் ரஷ்ய எரிவாயு நின்றது, மின்கட்டணம் ஏறியது, சீனாவில் ஜெர்மன் கார்களுக்கு மவுசு குறைந்தது என்பதும் இருக்கிறது, ஆகவே வட்டி வித்தியாசத்துக்கு முழு மார்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தியாவுக்கு இதைப் போட்டுப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியப் பொருளாதாரம் சுருங்கிய வருடங்களை எடுங்கள்: 1957-58, 1965-66, 1966-67, 1972-73, 1979-80. பெரும்பாலும் மழை பொய்த்த வருடங்கள், 1979-80இல் வறட்சியோடு எண்ணெய் விலையும் சேர்ந்து 5.2% அடி. அப்புறம் நேரே 2020 கொரோனா. இந்தப் பட்டியலில் பத்திர வட்டிக்கு என்ன வேலை? 2020 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் மாத இதழில் வந்த கணிப்பு இதைவிட நேர்மையான வழி. எதிர்காலத்தைச் சொல்லாமல், கையில் இருக்கும் மாதாந்திரத் தரவை வைத்து ஏற்கனவே முடிந்த ஜூலை-செப்டம்பர் காலாண்டு 8.6% சுருங்கியிருக்கும், வரலாற்றில் முதல் முறையாக இந்தியா தொழில்நுட்ப ரீதியில் மந்தநிலையில் இருக்கிறது என்று சொன்னார்கள். அதிகாரபூர்வ எண் வந்தபோது 7.5% சுருக்கம். ஒரு புள்ளி தள்ளிப்போனாலும் திசை சரி.

இங்கே கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்டியாக வேண்டும், இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சேவைகளின் விளம்பரத்தைப் படிக்கவே தேவையில்லை. ஒரு நாட்டில் பத்து வருடத்துக்கு ஒரு முறை மந்தநிலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாடல் வரும் மந்தநிலைகளில் 80%ஐப் பிடித்துவிடும், நல்ல வருடங்களில் 20%இல் மட்டும் பொய்யாகக் கத்தும். கேட்பதற்கு அருமையான மாடல். நூறு வருடம் ஓட்டினால் மந்தநிலை 10, அதில் 8ஐப் பிடிக்கும். நல்ல வருடம் 90, அதில் 18 முறை பொய். மொத்தம் 26 முறை கத்தியதில் 8 தான் நிஜம். அதாவது சிவப்பு விளக்கு எரிந்தால் மந்தநிலை வர வாய்ப்பு மூன்றில் ஒன்றுகூட இல்லை. அரிதாக நடக்கும் விஷயத்தைக் கணிப்பதில் உள்ள தலைவலியே இதுதான், புத்திசாலித்தனமான மாடல் போட்டாலும் முழுதாகப் போகாது. இப்போது இதே மாடலைப் பத்து நாடுகளுக்கு ஓட்டுங்கள், பத்தும் நல்ல வருடத்திலேயே இருக்கட்டும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடினால் அந்தப் பத்தில் ஒன்றாவது சிவப்பாக எரிய வாய்ப்பு 89%. உலக வரைபடத்தில் எப்போது பார்த்தாலும் எங்காவது ஒரு நாடு சிவப்பாக இருப்பதற்கு இதுவே போதும், பெரிய காரணம் தேட வேண்டாம்.

பல நாடுகளின் தரவை ஒன்றாகக் கொட்டி மாடல் செய்தால் இது சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. யோசனை நியாயமானது. 1969லிருந்து எண்ணினால் அமெரிக்காவில் மொத்தமே எட்டு மந்தநிலைதான், எட்டு நிகழ்வை வைத்துக்கொண்டு எந்தச் சமன்பாட்டையும் நம்பிக்கையோடு அளக்க முடியாது. இருபது நாடு சேர்த்தால் நூற்றுக்கு மேல் ஆகிவிடும் போலத் தெரியும். ஆனால் 1973-75 எண்ணெய் அதிர்ச்சியில் எத்தனை நாடு விழுந்தது, 2008-09இல் எத்தனை, 2020இல் எத்தனை? ஒரே அடியை இருபது முறை எண்ணி இருபது ஆதாரம் என்று காட்டுவதுதான் அதில் பெரும்பங்கு. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தைத் தெளிவாகச் சொல்லும் கட்டணச் சேவை அபூர்வம்.

சாம் விதியையும் பார்த்துவிடலாம், 2024 ஆகஸ்டில் எல்லோர் வாயிலும் அடிபட்டது. அமெரிக்க வேலையின்மை விகிதத்தின் மூன்று மாத சராசரி, முந்தைய 12 மாதங்களின் அதே மாதிரியான சராசரிகளில் ஆகக் குறைந்ததை விட 0.5 புள்ளி உயர்ந்தால் மந்தநிலை ஆரம்பித்துவிட்டது என்று பொருள். மே 4.0, ஜூன் 4.1, ஜூலை 4.3, சராசரி 4.13. முந்தைய குறைந்த சராசரி 3.6. வித்தியாசம் 0.53. ஆகஸ்ட் 2ஆம் தேதி வெள்ளிக்கிழமை எண் வந்தது, திங்கட்கிழமை ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 12.4% விழுந்தது, 1987க்குப் பிறகு அப்படி விழுந்ததில்லை, மும்பையில் சென்செக்ஸும் சுமார் 2,200 புள்ளி போனது. ஜப்பான் வட்டியை ஏற்றியதால் யென் கடன் வாங்கிப் போட்டவர்கள் ஓடியதும் அதில் சேர்ந்திருந்தது. விதியை உருவாக்கிய கிளாடியா சாமே, இந்த முறை வெளிநாட்டிலிருந்து வந்த புது ஆட்கள் வேலை தேடுவதால் எண் ஏறியிருக்கிறது, மந்தநிலை இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை. பயன்படுத்த சுலபம், ஆனால் இதைக் கணிப்பு என்று சொல்வதே தப்பு. ஆரம்பித்த பிறகு ஆரம்பித்துவிட்டது என்று சொல்லும் மணி. அதுவும் அமெரிக்காவுக்கு மட்டும். வேலையின்மை எண் நம்பும்படி மாதாமாதம் வராத நாடுகளில் இதைப் போட முயல்வது வீண் வேலை.

மந்தநிலை எது என்பதிலேயே ஆளுக்கு ஒரு கணக்கு என்பதை மாடல் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். இரண்டு காலாண்டு தொடர்ந்து ஜிடிபி சுருங்கினால் மந்தநிலை என்பது பத்திரிகை வழக்கம். அமெரிக்காவில் 2022இன் முதல் இரண்டு காலாண்டும் சுருங்கியதாக அப்போது எண் வந்தது, அங்கே மந்தநிலைக்குத் தேதி குறிக்கும் என்பிஇஆர் என்ற ஆய்வு அமைப்பின் குழு அதை மந்தநிலை என்று சொல்லவே இல்லை, இரண்டு வருடம் கழித்து வந்த திருத்தத்தில் இரண்டாம் காலாண்டு வளர்ச்சியாகவே மாறிவிட்டது. பிரிட்டன் 2012இல் இரட்டைச் சரிவில் விழுந்துவிட்டது என்று அரசியலே சூடானது, 2013 ஜூனில் எண்ணைத் திருத்தியபோது அந்த மந்தநிலை காணாமல் போனது. யூரோ நாடுகள் 2023 ஜூனில் மந்தநிலையில் இருப்பதாக அறிவிப்பு வந்தது, அதில் அயர்லாந்து ஒரே காலாண்டில் 4.6% சுருங்கியதற்குப் பெரும் பங்கு. அயர்லாந்தின் ஜிடிபி என்பதோ வரிக்காக அங்கே பதிவு செய்திருக்கும் அமெரிக்க மருந்து, டெக் கம்பெனிகளின் லாபக் கணக்கு. 2015இல் அது ஒரே வருடத்தில் 26% வளர்ந்ததாகக் காட்டிய நாடு. ஜூலையிலேயே அந்த யூரோ மந்தநிலையும் திருத்தத்தில் போய்விட்டது. இப்படி இருக்கும்போது எந்த மாடலைப் பார்த்து 'சரியாகக் கணித்தது' என்று சொல்வது? என்பிஇஆர் பொறுமையாகத்தான் சொல்லும்: 2007 டிசம்பரில் ஆரம்பித்த மந்தநிலையை 2008 டிசம்பர் 1ஆம் தேதி அறிவித்தார்கள், அதற்குள் லேமன் பிரதர்ஸ் போயே போய்விட்டது.

மாடல் மோசம், பொருளாதார நிபுணர்களின் வாய்ச்சொல் மேல் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஐஎம்எஃப்பில் (சர்வதேச நாணய நிதியம்) லுங்கானி என்ற பொருளாதார நிபுணரும் கூட்டாளிகளும் 2018இல் 63 நாடுகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள், 1992 முதல் 2014 வரை. 153 மந்தநிலைகள். முந்தைய வருடம் ஏப்ரலில் நிபுணர்களின் ஒருமித்த கணிப்பு பிடித்தவை வெறும் 5. இந்த ஒரு எண்ணுக்காகவே யீல்டு கர்வை முழுதாகத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது பொய் சொன்னாலும் வாயைத் திறந்து சொல்கிறது.

ஐஎம்எஃப்பின் சொந்தக் கணிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும், கிட்டத்தட்ட எல்லா நாட்டுக்கும் எண் இருக்கும், ஓஇசிடி தொடாத இலங்கை, வங்கதேசத்துக்கும் சேர்த்து. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது, ஒரு வாரம் கழித்து வந்த ஐஎம்எஃப் அறிக்கையில் அந்த வருடம் இலங்கை 2.6% வளரும் என்று அச்சாகியிருந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கேஸ் சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டிருந்தால் இதைவிடச் சரியான எண் கிடைத்திருக்கும். வருடக் கடைசிக் கணக்கில் 7.8% சுருக்கம் என்று முதலில் வந்தது. அறிக்கைக்கான தரவை அதற்கு முன்பே மூடியிருப்பார்கள் என்பது நியாயமான பதில்தான், ஆனால் வாசிக்கிறவர் கையில் இருப்பது அந்த எண். அவர்களுக்கு நியாயம் செய்வதானால், 2022 அக்டோபரில் ஜெர்மனி அடுத்த வருடம் 0.3% சுருங்கும் என்றார்கள், முதல் கணக்கில் அப்படியே வந்தது. அதே பக்கத்தில் இத்தாலியும் சுருங்கும் என்று போட்டிருந்தார்கள், இத்தாலி வளர்ந்தது. பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2022 நவம்பரில் 2024 நடுப்பகுதி வரை நீளும் மந்தநிலை என்று பயமுறுத்தியது, வந்தது 2023 பிற்பாதியில் இரண்டு காலாண்டுச் சின்னச் சறுக்கல்.

இதையெல்லாம் பார்த்த பிறகு எங்கள் கம்பெனியில் இப்போது என்ன செய்கிறோம் என்றால், ஓஇசிடி பக்கத்தில் நாங்கள் சரக்கு அனுப்பும் நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். எண் 99.4ஆ 99.6ஆ என்று பார்ப்பதில்லை. எத்தனை நாட்டுக் கோடு மூன்று மாதமாகத் தொடர்ந்து இறங்குகிறது, அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாடு இறங்கினால் அந்த நாட்டு விவகாரம். பாதிக்கு மேல் ஒன்றாக இறங்கினால் நூலை மொத்தமாகப் பிடிப்பதைத் தள்ளிப்போடுகிறோம். கூடவே தென்கொரியா ஒவ்வொரு மாதமும் முதல் 20 நாள் ஏற்றுமதியை 21ஆம் தேதி வாக்கில் வெளியிடுவதைப் பார்ப்பேன், உலகத்தில் வேறு எந்தப் பெரிய நாடும் அவ்வளவு சீக்கிரம் நிஜமான சரக்குக் கணக்கைத் தருவதில்லை. அமெரிக்க சென்சஸ் துறை வெளியிடும் சில்லறைக் கடைகளின் இருப்பு-விற்பனை விகிதம் இன்னொன்று.

இந்தக் கடைசி எண்ணின் அருமை 2022இல் தெரிந்தது. மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது, நூல் விலையைப் பார்த்து ஊரே பதறிப்போனது. அதே மே மாதம் அமெரிக்காவின் பெரிய கடைகள் கிடங்கு நிறைந்து வழிகிறது என்று காலாண்டு அறிக்கையில் சொல்லிவிட்டன. அடுத்த சில மாதங்களில் பையர்கள் ஆர்டரைக் குறைத்தார்கள், ஷிப்மெண்டைத் தள்ளி வைத்தார்கள், பவர் டேபிள்களில் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்டுகள்) வேலை பாதியானது. அமெரிக்காவில் மந்தநிலை வரவே இல்லை, ஆனால் இங்கே வந்துவிட்டது. மந்தநிலைச் சதவீதம் எவ்வளவு துல்லியமாக இருந்திருந்தாலும் அந்த வருடம் எங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. கடைக்காரன் கிடங்கில் எத்தனை பெட்டி கிடக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி, அதற்கான எண் இலவசமாகவே கிடந்தது.

பயன்படுத்தும் வசதி பற்றி: ஓஇசிடி பழைய தரவுத்தளத்தை 2024இல் மூடிவிட்டு புதியதற்கு மாறிவிட்டது, பழைய இணைப்பு வைத்திருக்கும் கட்டுரைகளை நம்பிப் போகாதீர்கள். புதியதில் நாட்டைத் தேர்ந்தெடுப்பது, அளவைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான், ஒரு தடவை பழகிவிட்டால் சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வரைபடம் மட்டும் போதும் என்பவருக்கு ஃப்ரெட் தேவலை, மொபைலிலும் ஓடும். மதிப்பெண் கேட்டால் ஓஇசிடிக்கு ஐந்துக்கு மூன்றரை, நியூயார்க் ஃபெடுக்கு இரண்டரை, ஐஎம்எஃப்புக்கு நாடுகளின் எண்ணிக்கைக்காக இரண்டு. வீட்டுக் கடன் வாங்கலாமா, மியூச்சுவல் ஃபண்டை விற்கலாமா என்று முடிவெடுக்க இதில் எதையும் பார்க்கத் தேவையில்லை, அதற்கு இவை உதவாது.

காசு கொடுத்து வாங்குவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள். கடந்த பதினைந்து வருடத்தில் ஒவ்வொரு மாதமும் உங்கள் மாடல் அன்றைக்கு என்ன எண் சொன்னது, பிற்பாடு திருத்தாமல், அப்படியே கொடுங்கள். இன்றைய தரவை வைத்துப் பின்னோக்கி ஓட்டிய கோடு வேண்டாம். ஃப்ரெட்டின் கூடப் பிறந்த ஆல்ஃப்ரெட் என்ற தளத்தில் எந்தத் தேதியில் எந்த எண் வெளியில் தெரிந்தது என்பது அப்படியே சேமித்து வைத்திருக்கிறார்கள், ஆகவே செய்ய முடியாத வேலை இல்லை. எங்களிடம் பல நாட்டு மந்தநிலை டேஷ்போர்டு விற்க வந்த ஒரு நிறுவனத்திடம் (பெயர் வேண்டாம்) இதைத்தான் கேட்டேன். ஒரு வாரத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். வந்தது, இன்னும் பளபளப்பான உலக வரைபடத்தோடு இன்னொரு பிடிஎஃப்பும், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டால் சந்தாவில் தள்ளுபடி என்ற மெயிலும்.